அசையாத கை

கையில் கட்டும் பட்டை வாங்குவதென்றால் மெலிதாகத்தான் வாங்க வேண்டும், ஐயா. தடியாக இருந்தால் ஓடும்போது மணிக்கட்டில் இடிக்கும், படுத்தால் உறுத்தும், மனிதன் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிடுவான். அப்புறம் அவன் தூங்கினானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்.

கடையில் வெகுநேரம் நின்றேன். விற்கிற பெண் பொறுமைசாலி. ஒவ்வொன்றாக என் கையில் கட்டிக் காட்டினாள்.

"ஓடுறதுக்கா, தூக்கம் பாக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும். முக்கியமா தூக்கம். என் மச்சானுக்கு. கையுறைக்குள்ள போகணும்."

"அப்ப இத எடுத்துக்குங்க, கட்டியிருக்கறதே தெரியாது. ஆனா ஒண்ணு, கைய அசைக்காம உக்காந்திருந்தா அதையும் தூக்கம்னு எடுத்துக்கும். எல்லாத்துலயும் இருக்கற குறைதான்."

"தூங்கினா காட்டுமில்ல, அது போதும்" என்றேன். ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆலைகளின் கழிவுத் தொட்டியில் இறங்கிச் சுத்தம் செய்வதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். இன்னொருவர் மேலே மறுமுனையைப் பிடித்து உட்காருவார். உள்ளே மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டி இழுப்பார்கள், உடனே ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்க வேண்டும். கயிறு பிடிக்கிறவர் கையை ஆட்டக் கூடாது. ஆட்டினால் சுண்டுவது தெரியாமல் போய்விடும்.

போன வருடம் இறங்கியது என் தம்பி. கயிறு பிடித்தது மச்சான். தம்பியைப் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

"கயிறு ஆடவே இல்ல மாப்ளே. நான் கண்ண மூடல" என்று என் காலடியில் உட்கார்ந்து சொன்னார். விசாரித்தவர்களும், சுண்டக்கூட நேரமில்லாமல் மயங்கியிருப்பான் என்று முடித்துவிட்டார்கள். மறுநாளும் நான் அவரோடுதான் வேலைக்குப் போனேன். என்னைக் கோபக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது.

பட்டையை அவராகத்தான் கேட்டார். தொப்பை குறைய ஓடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"நாய் துரத்துனாத்தான் நான் ஓடியிருக்கேன் மாப்ளே. ஒண்ணு பாத்து வாங்கிக் குடேன், எவ்வளவு ஓடுறேன்னு தெரியட்டும்."

"வாங்கித் தரேன் மச்சான். படுக்கும்போதும் கழட்டக் கூடாது, வேலையிலயும் கழட்டக் கூடாது."

"என் பொண்டாட்டிகூட இவ்வளவு ஒட்டிக்கிட்டு இருந்ததில்ல" என்று சிரித்தார்.

அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் இரண்டு பட்டைகளையும் என் போனிலேயே இணைத்துக்கொண்டேன். ஓடியதைப் படித்துச் சொன்னால் பச்சைப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் நான் எழுத்துக் கூட்டப் படித்தேன், ஐயா. அதனாலோ என்னவோ, எழுத்தில் வந்துவிட்டால் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.

ஒரு நாள் அவர் வேறொருவனுக்குக் கயிறு பிடித்துவிட்டு வந்தார். சாயங்காலம் போனைப் பார்த்தேன். அவர் கயிறு பிடித்திருந்த நேரம் பூராவும் நீலக்கோடு, பக்கத்தில் 'தூக்கம்' என்று இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. இறங்கியவன் உயிரோடு ஏறியது அவன் நல்ல நேரம். நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் அவரை வேலையை விட்டு நிறுத்துவார்கள். என் தம்பிக்கு அது எந்த மூலைக்கு.

அவர் இறங்குவதும் நான் கயிறு பிடிப்பதும் ஒரே நாளில் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. இறங்கும் முன் இடுப்பைக் காட்டி, "முடிச்சு சரியா இருக்கா பாரு மாப்ளே" என்றார். இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவர் அடிக்குப் போனதும், தொட்டிக்குள் காற்று ஊதும் மெஷினை நிறுத்தினேன். பிறகு என் இடத்தில் உட்கார்ந்து கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதலில் கூச்சப்படுகிறவர் மாதிரி மெல்லச் சுண்டினார். அப்புறம் பலமாக. ஆட்கள் லாரிப் பக்கம் நின்றார்கள், கூப்பிடு தூரம்தான். கயிறு சும்மா ஆன பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

பின்னால் போனில் பார்த்தேன். மச்சான் அன்று 'ஓட்டம்' ஓடியதாக இருந்தது, அவர் ஓடியதிலேயே வேகமான ஓட்டம். அதற்குக் கீழே 'தூக்கம்'.

என் மனைவி நேற்று ஜெயிலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அசந்து தூங்கிட்டேன்னு சொல்லுங்க. அண்ணனும் போயி நீங்களும் போனா நான் எங்க போவேன்" என்றாள். வக்கீலய்யா, நீங்களும் அதையே சொல்கிறீர்கள். மெஷின் தானாக நின்றது, ஆள் தூங்கிவிட்டான், கவனக்குறைவு என்று போய்விடும், உன் பட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

ஆனால் கயிறு பிடித்துவிட்டுத் தூங்கினவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நான் விழித்திருந்தேன். அவர் சுண்டினது ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் விழுந்தது. கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பட்டைக்கு அது எங்கே புரியும். நீலக்கோடு போட்டுவிட்டது.

என்னுடையது பொய் சொல்கிறது, ஐயா. மச்சான் கயிறு பிடித்த நாளில் அவருடையதுதான் உண்மையைச் சொன்னது.