எழுப்பாமல் சுட்டவன்

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். கதவைப் பார்க்காதீர்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றும் யாரும் கேட்கக் கூடாது... என் கூட்டாளி ஒருவனின் சின்ன மாமனுக்கு நடந்தது. பெயர் பஹிலாய்.

மத்தியானம் மூன்றரை மணி. ஜனவரி மாதம், அதற்குள் இருட்டிவிட்டது. எங்கள் வடக்குப் பனிநாட்டில், உறைந்த இண்டிகிர்கா ஆற்றின் மேல் ஒற்றைப் பாதை. முன்னும் பின்னும் ஆளில்லை. மைனஸ் ஐம்பத்தைந்து. விட்ட மூச்சு காதருகே சரசரவென்று உறைந்து விழுகிற குளிர்... காட்டுக்கோழிகூடப் பனிக்குள் பாய்ந்து புதைந்துகொள்ளும். பஹிலாயின் பனிவண்டி எஞ்சின் உறைந்து நின்றுபோயிருந்தது. நடந்தான். உட்கார்ந்தால் பிணம். போவதற்கு இருந்தது ஒரே இடம், அக்கா புருஷன் ஜராசினின் வேட்டைக் குடிசை.

அவன் பெயரைக் கேட்டாலே பஹிலாய்க்கு வயிறு எரியும். அப்பன் சாகும்போது அந்தக் குடிசையையும் காட்டையும் மகனுக்குத் தராமல் மருமகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு வருஷமாகப் புகைந்தது. மூன்று நாளைக்கு முன்னால்தான் பழி தீர்க்க வழி கிடைத்தது.

காட்டில் நாங்கள் கரடி என்று சொல்வதில்லை, அதற்குக் காது கேட்கும். தாத்தா என்போம். குளிர்காலம் முழுக்கத் தாத்தா மண்ணுக்கடியில் சோறு தண்ணீர் இல்லாமல் தூங்குவார். நிமிஷத்துக்கு ஒரு மூச்சு. தூங்குகிறவரைச் சுடுவது கேவலம். வளைக்குள் நீளக் கழியை விட்டுக் குத்தி எழுப்பி, அவர் கண்ணைத் திறந்த பிறகுதான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். செத்த பிறகு காதில் சொல்ல வேண்டும்: "நாங்க இல்ல தாத்தா, அண்டங்காக்கா கொன்னுச்சு." பழி காக்கையோடு பறந்துவிடும்.

தாத்தாவின் வளை ஒன்றைக் கண்டுபிடித்த பஹிலாய் அவரை எழுப்பவில்லை. தூக்கத்திலேயே சுட்டான். சூடு ஆறாத காதில் குனிந்து சொன்னான்: "உன்னக் கொன்னவன் ஜராசின். ஆத்தோரக் குடிசை."

படுபாவி!

இப்போது அதே குடிசையிலிருந்து புகை வந்தது. ஜராசின் உயிரோடுதான் இருந்தான்.

"வாடா மாப்ளே! ஏழு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா? மூக்கு இருக்கா, உதிர்ந்துடுச்சா?" என்று உள்ளே இழுத்துப் போட்டான். சூடாகத் தேநீர், சீவிய உறைமீன், தான் படுக்கும் கலைமான் தோல், எல்லாம் கொடுத்தான். பஹிலாய்க்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தான். சொல்லவில்லை.

விளக்கை அணைத்துப் படுத்தார்கள்.

முதலில் பனி நெரியும் சத்தம்... கர்ரக்... கர்ரக்... குடிசையைச் சுற்றி. பிறகு வாடை. ஈர மண், பழைய ரோமம், வெடிமருந்து. சுவர் மரங்களுக்கு நடுவே அடைத்திருந்த பாசி பொத்தென்று உள்ளே விழுந்தது. அந்த இடுக்கு வழியே ஒரு கழி நுழைந்தது... தடவித் தடவி வந்து, ஜராசின் நெஞ்சில் குத்தியது.

"எவன்டா அது?" ஜராசின் துள்ளி உட்கார்ந்தான்.

வெளியிலிருந்து குரல் வந்தது. அச்சு அசல் பஹிலாயின் குரல்.

"உன்னக் கொன்னவன் ஜராசின்... ஆத்தோரக் குடிசை..."

ஜராசினும் வேட்டைக்காரன்தானே. எல்லாம் விளங்கிவிட்டது.

"தாத்தா," என்றான். "இது யாரு குரல்? நீயே சொல்லு. என் குரலா இது?"

வெளியே சத்தம் நின்றது. கழி மெல்லத் திரும்பி வந்து பஹிலாயின் விலாவில் குத்தியது.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறவனைத் தாத்தா தொட மாட்டார், முறை தெரிந்தவர்... குறட்டை விட்டான். மறுபடியும் குத்தியது. இன்னும் பலமாக விட்டான். விடியும்வரை இப்படியே கிடந்துவிட்டால் பிழைத்தான்.

கழி காத்திருந்தது.

ஜராசின் எழுந்து வரும் காலடி கேட்டது. தோளில் கை விழுந்தது. பிள்ளையை எழுப்புவது போல மெல்ல உலுக்கினான்.

"மாப்ளே... எந்திரிடா. உன்னத் தேடி வந்திருக்காங்க."

குறட்டை.

ஜராசின் இரண்டு கட்டைவிரலாலும் அவன் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"முழிச்சிட்டான் தாத்தா."