ஒன்பதாவது குரல்

ஹலோ... ஆங், சொல்லுங்க அண்ணி. நான்தான்... கேக்குது, கேக்குது. லேப்ல ஃபேன் போடற சத்தம். ஒரு நிமிஷம், வராண்டாவுக்கு வந்துடறேன்... ம், இப்போ சொல்லுங்க.

அண்ணனா? வந்துட்டாரே... ஆமா ஆமா, எங்களோடதான் வந்தாரு. ஏன், வந்ததும் உங்களுக்குப் போன் பண்ணிடுவாரே... பண்ணலையா? ரிங் போகுதா?... சைலன்ட்ல போட்டிருப்பாரு அண்ணி. ஸ்டோர் ரூம்ல ஏணி மேல நின்னு பாட்டில் எண்ணிட்டு இருப்பாரு. எண்ண ஆரம்பிச்சா உங்க வீட்டுக்காரருக்கு வீடாவது வாசலாவது... ம்... ம்... எத்தனை தடவை? ஏழா?

இல்ல அண்ணி, நீங்க பயப்படாதீங்க. ஒன்பது பேர் கிளம்பினோம், ஒன்பது பேர் வந்து சேர்ந்தோம். கேப்டன் நோட்டுல எழுதிக் கையெழுத்தே போட்டாச்சு... அதான், எங்க சைக்கிள் கூட்டத்துக்கு முன்னாடி போவாரே, ஜியாலஜி புரொபசர்... ஆமா, அந்த விசில்காரரேதான்.

எப்படித் தெரியும்னா... அவரு ஓட்டறப்போ திரும்பிப் பாக்கவே மாட்டாரு அண்ணி. திரும்பினா வண்டி ஆடும், பின்னாடி வர்றவங்க மொத்தமா விழுவாங்கம்பாரு. அதனால வழியில மூணு எடத்துல விசில் ஊதுவாரு. தண்ணித் தொட்டி முக்குல ஒண்ணு, கால்வாய் ரோடு முடியற சின்னப் பாலத்துல ஒண்ணு, கடைசியா இங்க கேட்ல. ஊதினதும் அவங்கவங்க நம்பரைக் கத்தணும். ஒண்ணு கேப்டன். அப்புறம் ரெண்டு, மூணுன்னு... நான் எட்டு. அண்ணன் ஒன்பது... ஆமா, அதான் கடைசி.

என்ன?... நடுவுலயா? அப்படியா சொல்லியிருக்காரு உங்ககிட்ட?... முன்னாடி நாலு பேர், பின்னாடி நாலு பேரா?... இல்ல, ஆரம்பத்துல அப்படித்தான் வந்தாரு. பொய்னு எல்லாம் சொல்லாதீங்க அண்ணி. பம்பும் பஞ்சர் டப்பாவும் அவர்கிட்டதானே இருக்கு. யாருக்காவது டயர் போச்சுன்னா பின்னாடி வர்றவருதான் நின்னு பாக்கணும். அதுக்காக... எத்தனை நாளாவா? ஒரு... ஒன்றரை மாசம் இருக்கும்... ஐயோ, திட்டாதீங்க. உளறினது நான்தானே, என்னைத் திட்டுங்க.

இருங்க, நேர்ல போய் அவரு கையிலயே போனைக் குடுத்துடறேன். ஸ்டோர் கீழ் மாடிதான். நீங்களே கேளுங்க, நாலு வார்த்தை நல்லா கேளுங்க... இறங்கிட்டேதான் இருக்கேன்... ஆமா அண்ணி, காலைல சரியான பனி. முன்னாடி போற வண்டியோட செவப்பு லைட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. பின்னாடி என்ன இருக்குன்னே...

ம்?... இல்ல, ஒண்ணுமில்ல. ஸ்டோர் வாசல்ல மூணு பேர் நிக்கறாங்க... பூட்டியிருக்கு அண்ணி. ஒரு நிமிஷம். ஏங்க, எவ்வளவு நேரமா நிக்கறீங்க?... ஒன்பது மணிலேர்ந்தா? அவரு வரவேயில்லையா?

அண்ணி, டீ குடிக்கப் போயிருப்பாரு... தெரியும், அவரு டீ குடிக்க மாட்டாருதான். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆபீஸ்ல யாராவது கூப்பிட்டிருப்பாங்க. பில்லுல கையெழுத்து, அது இதுன்னு...

கண்ணால பாத்தேனான்னா... கிளம்பறப்போ பாத்தேனே. என் கூடை ஆடுதுன்னு கயிறு போட்டுக் கட்டிக் குடுத்தாரு... கேட்லயா? கேட்ல... குரல் கேட்டுச்சு அண்ணி. ஒன்பதுன்னு கேட்டுச்சு. எல்லாருக்கும்தான் கேட்டுச்சு, வேணும்னா கேப்டனைக் கேளுங்க... ஆமா... ஆமா, குரல்தான். ஆளைப் பாக்கல.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போறேன் அண்ணி. வண்டி நின்னா ஆளும் இங்கதான் எங்கேயோ இருக்காருன்னு அர்த்தம். எங்களுக்குத் தனி வரிசை குடுத்திருக்காங்க, போன உடனே தெரிஞ்சுடும்... இதோ வந்துட்டேன்... ரெண்டு, நாலு, ஆறு...

...

இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... எட்டு வண்டிதான் நிக்குது. என் வண்டிக்குப் பக்கத்துல எடம் காலியா இருக்கு.

அண்ணி, ஒண்ணு சொல்லணும். கத்தாம கேளுங்க... இல்ல, எங்க இருக்காருன்னு எனக்குச் சத்தியமா தெரியல. இது வேற... அந்தக் குரல் அவரோடது இல்ல. நான்தான் கத்தினேன். எட்டுன்னு என் குரல்ல ஒண்ணு, உடனே குரலைக் கட்டையா வெச்சுக்கிட்டு ஒன்பதுன்னு இன்னொண்ணு... வெளையாட்டு இல்ல அண்ணி! அவரே கேட்டுக்கிட்டதுதான். முட்டி வலிக்குதும்மா, உங்க வேகத்துக்கு என்னால மிதிக்க முடியல, எனக்கும் சேர்த்து நீயே குரல் குடுத்துடு, நான் மெதுவா வந்து சேர்ந்துக்கறேன்னாரு. கிளாஸ்ல புராக்ஸி குடுக்கற மாதிரி. நாங்க எல்லாரும் அப்படிக் குடுத்தே டிகிரி வாங்கினவங்கதானே, எனக்குத் தப்பாவே படல.

ஏன்னா கேப்டன் விட மாட்டாரு. ஒரு நம்பர் வரலைன்னா அத்தனை பேரையும் நிறுத்தி, வந்த வழியே திருப்பிக் கூட்டிட்டுப் போவாரு. ஒரு தடவை அண்ணனுக்காக அப்படித் திரும்பினோம். பாத்தா செயின் கழண்டு நின்னுட்டு இருக்காரு. எல்லாருக்கும் முதல் கிளாஸ் போச்சு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல, ஆனா அண்ணன் கூனிக் குறுகிப் போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் என்கிட்ட வந்து கேட்டாரு... ம்... தினமும்தான். தினமும் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் கழிச்சு வந்து சேர்ந்துடுவாரு அண்ணி. ஜன்னல் வழியா என்னைப் பாத்துக் கையைக் காட்டிட்டுப் போவாரு. இன்னிக்குக் காட்டலைன்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணல. வேலையில இருந்துட்டேன்.

என்னது?... தலைசுத்தலா? எங்ககிட்ட முட்டி வலின்னுதானே... டாக்டர் எப்போ சொன்னாரு?... போன வாரமா? தனியா ஓட்டவே கூடாதுன்னா?... அதுக்குத்தான் நடுவுல போறேன்னு உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தாரா.

அண்ணி... அண்ணி, அழாதீங்க. நான் போறேன். இப்பவே வண்டியை எடுக்கறேன். காதுல மாட்டிக்கிட்டேன், நீங்க பேசுங்க, நான் ஓட்டிட்டே பேசறேன்.

செக்யூரிட்டி அண்ணே! காலைல எங்களுக்கு அப்புறம் தனியா ஒரு சைக்கிள் உள்ள வந்துச்சா? பச்சை ஜாக்கெட், பின்னாடி டப்பா கட்டியிருக்கும்... யாருமே வரலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க... அண்ணே, கேப்டன் கிளாஸ்ல இருப்பாரு, ஓடிப் போய்ச் சொல்லுங்க. ஒன்பது வரலைன்னு சொல்லுங்க... அது போதும், அவருக்குப் புரியும்.

அண்ணி, வெளிய வந்துட்டேன்... நீங்க வர வேண்டாம், வீட்லயே இருங்க. ஒருவேளை பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டா?... ஆமா, வண்டியை விட்டுட்டு வர மாட்டாரு. எனக்கும் தெரியுது... மூச்சு வாங்குது, இருங்க.

முதல் விசிலுக்கு அவருதான் குரல் குடுத்தாரு. அது நிச்சயம். தொட்டி முக்குல நல்லா கணீர்னு கேட்டுச்சு. பாலத்துல ஊதறப்போ சத்தத்தைக் காணோம். நான் ஒரு ரெண்டு செகண்ட் பாத்தேன்... ரெண்டே செகண்ட்தான் அண்ணி. அப்புறம் நான் குடுத்துட்டேன். அப்போ மணி எட்டு பத்து... அதான் சொல்றேன், கால்வாய் ரோட்டுலதான் எங்கேயோ... ஆமா, தோண்டிப் போட்டிருக்கற ரோடுதான். ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் பைப் போடறதுக்குப் பள்ளம்.

பாலத்துக்கு வந்துட்டேன்... இல்ல, ரோட்டுல ஒருத்தரும் இல்ல. பனி சுத்தமா விலகிடுச்சு அண்ணி. கடைசி வரைக்கும் பளிச்னு தெரியுது. வண்டி எதுவும் கிடக்கல... நல்லதுதானே? நல்லதுதான், இல்ல?... பேசுங்க அண்ணி, ஏதாவது பேசிட்டே இருங்க.

தூரத்துல மண் அள்ளற மெஷின் ஒண்ணு ஓடுது. ஓட்டறவரைக் கேக்கறேன்... ஐயா! ஐயா, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!... காலைல இந்தப் பக்கம் யாராவது சைக்கிள்லேர்ந்து விழுந்தாங்களா? வயசானவரு, பச்சை ஜாக்கெட்... ம்... ம்... எந்தப் பக்கம்?... எவ்வளவு நேரம்?

இல்ல அண்ணி, பாக்கலையாம்... பாக்கலைன்னு சொல்றாரு, ஆனா... இருங்க, சொல்றேன். அவரு வேலைக்கு வந்தப்போ அந்த வளைவுப் பக்கம் சைக்கிள் மணி அடிச்சுட்டே இருந்துச்சாம். விட்டு விட்டு... ஒரே மணி... கால் மணி நேரத்துக்கு மேல இருக்கும்கறாரு... ஏன் போய்ப் பாக்கலன்னா... பனில ஒண்ணும் தெரியலையாம். நம்ம கூட்டம் போகுதுன்னு நெனச்சுக்கிட்டாராம் அண்ணி. தினமும் ஒன்பது பேர் சேர்ந்து போறவங்கதானே, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்கன்னு நெனச்சாராம்.

ஐயா, எப்போ நின்னுச்சு அந்த மணி?... மெஷின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே நின்னுடுச்சா, இல்ல நீங்க ஸ்டார்ட் பண்ணினதால கேக்காம போச்சா?... முன்னாடியேவா.

எட்டரைக்கே நின்னுடுச்சாம் அண்ணி... இப்போ ஒன்பதே முக்கால்.

திரும்பியிருந்தா கேட்டிருக்கும். நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா கேப்டன் திருப்பியிருப்பாரு, எட்டேகாலுக்கு இங்க நின்னிருப்போம். மணி அடிக்கறது எட்டு பேருக்கும் கேட்டிருக்கும்... நீங்க சொல்ல வேண்டாம் அண்ணி, எனக்கே தெரியுது. நான்தான் அவரு வந்துட்டாருன்னு சொல்லிட்டேன்.

வளைவுக்குத்தான் ஓடறேன்... வண்டியைப் போட்டுட்டேன்... மெஷின்காரரும் பின்னாடி வர்றாரு. பள்ளத்து ஓரமா கட்டியிருந்த கயிறு அறுந்து தொங்குது. மண்ணு சரிஞ்சிருக்கு. அண்ணி... அண்ணி, நீங்க போனை வைங்க.

வைங்க அண்ணி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். ரெண்டு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்... இல்ல, இன்னும் பாக்கல. ஓரத்துலதான் நிக்கறேன். கண்ணை மூடிட்டு நிக்கறேன்... முடியல அண்ணி... என்ன தெரியுதுன்னு கேட்டா நான் எதைச் சொல்லுவேன்?

ம்... ம்... சொல்லாம விட மாட்டேன். இந்தத் தடவை பாத்துட்டுத்தான் சொல்லுவேன்... நீங்க வைக்க மாட்டீங்களா?

சரி. நான் வைக்கறேன்.