மூன்று விரல் தூரம்

உங்கள் மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் உயரம் குறைவு, ஐயா. தினமும் ஏறி இறங்குகிறவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். என் கால் கவனித்துவிடும். அம்மான் நகரம் முழுக்கப் படிக்கட்டுதான். மைனஸ் பத்தொன்பது பவர் உள்ளவன் இந்த ஊரில் காலால்தான் பார்க்க வேண்டும்.

புதுக் கண்ணாடி நேற்றுத்தான் வந்தது. போட்டாலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது. ஷேர் டாக்ஸி என்று கை நீட்டி ஏறினால், அது யாரோ ஒருவருடைய சொந்தக் காராக இருக்கும். எதிரே கையை உயர்த்துகிறவருக்குப் பதில் சலாம் சொல்லாமல் கடந்துபோவேன். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் நான் திமிர் பிடித்தவன். ஒவ்வொரு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு அலுத்துவிட்டது. முப்பத்தேழு வருஷ எரிச்சல், ஐயா.

மைஸூன் ஒருத்திதான் வேறு மாதிரி. பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. எதிர்ப்பக்கம் நின்று கையாட்ட மாட்டாள். தெருவைக் கடந்து வந்து, "நான் மைஸூன்" என்று பேரைச் சொல்லிவிட்டுத்தான் சலாம் சொல்லுவாள். அவளைப் பெண் கேட்கும்படி அண்ணன் வஜ்தியிடம் சொன்னேன். அப்பா போனபின் வீட்டுக்குப் பெரியவன் அவன்தான்.

போன மாதம் பெரியவர்கள் நாலு பேருடன் போனோம். பெண் கேட்கிறவர் காபிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பார், சம்மதம் கிடைத்த பிறகே குடிப்பார். உங்கள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். அண்ணன் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தான். இங்கிருந்து எனக்கு அவன் ஒரு பழுப்புக் கறை. மழையைப் பற்றியும் ஒலிவ விளைச்சலைப் பற்றியும் பேசினார்கள். விஷயத்துக்கு வரட்டும் என்று சிரித்த முகமாகக் காத்திருந்தேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

காரில் கேட்டேன். "ஏண்ணா, கேக்கவே இல்ல?"

"காபியக் குடிச்சேனே, பாக்கலையா நீ?" என்று சிரித்தான். "டேய் கஸ்ஸான், நாப்பதுல உனக்குச் சுத்தமா கண்ணு போயிடும். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? உன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் இருக்கேன்ல, மக்கு."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கோப்பையைப் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு மைஸூன் தெருவைக் கடந்து வரவில்லை. எதிர்ப்பக்கம் நிற்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, எங்கள் தெருப் படிக்கட்டில் யாரோ இறக்கி வைத்த வெங்காய மூட்டையில் தடுக்கி விழுந்தேன். கண்ணாடி நொறுங்கிவிட்டது. என் பவருக்கு லென்ஸ் வரப் பத்து நாளாகும் என்றார்கள். மத்தியானம் நுஹா அண்ணி ஸ்பூனை என் விரல்களுக்குள் திணித்து, மக்லூபா சோற்றுத் தட்டு எங்கே இருக்கிறது என்று என் கையை இழுத்துக் காட்டினார். தட்டு என் மடிக்கு நேராகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, விருந்தாளி யாரோ தந்துபோன பிஸ்கட் பெட்டியை அண்ணன் எடுத்தான். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு தடவை மூச்சடைத்துப் பிழைத்தவன். ஐம்பதை நெருங்குகிறான், கிட்டத்து எழுத்து அவனுக்குத் தெரியாது. நான் நேர் எதிர். கண்ணாடி இல்லாமலே, மூக்கிலிருந்து மூன்று விரல் தூரத்தில் பிடித்தால் எறும்பின் மீசைகூடத் தெரியும். இது தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். பொடி எழுத்தெல்லாம் என்னிடம்தான் தருவான்.

அண்ணி அடுக்களையில் இருந்தார்.

"இந்தா, படிச்சுச் சொல்லு. கடலை கிடலை இருக்கா?"

கடைசி வரியில் இருந்தது. அதைப் படிக்கும்போது காபிக் கோப்பை ஞாபகம் வந்தது. அன்று நடந்தது எனக்குத் தெரியவில்லை, இன்று கையில் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. சரிக்குச் சரி என்றுதான் தோன்றியது.

"பேரீச்சம்பழம், மாவு, நெய்," என்றேன். "வேற ஒண்ணுமில்ல. சாப்பிடுண்ணா."

இரண்டு சாப்பிட்டான். ஆம்புலன்ஸ்காரர்கள் எண்பத்து நாலு படி ஏறி வரவேண்டியிருந்தது. அதுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று விரல் தூரத்தில் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். உதடு வீங்கியது, நீலமானது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவனும் பார்த்தான். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது.

துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைத்தான் தேற்றினார்கள். "பாவம், கண்ணு தெரியாதவன், அவன் என்ன பண்ணுவான்? அவன்கிட்ட போயா படிக்கக் குடுக்கிறது?" நாற்பது நாளும் இதே பேச்சாகத்தான் இருக்கும் போலிருந்தது. நீங்களும் விசாரித்துவிட்டு, 'கண்ணாடி இல்லாததால் எழுத்து தெரியவில்லை' என்று எழுதி மூடிவிட்டீர்கள். அன்று நானும் தலையாட்டினேன். பத்து நாளாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. அது பொய், ஐயா. அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். எனக்குக் கிட்டத்து எழுத்து தெரியும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளும் இப்போது இல்லை.

எழுதி முடித்தாயிற்றா? பாருங்கள், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறீர்கள்.

விரலை எடுங்கள், ஐயா. எனக்குத் தெரிகிறது.