காப்பாற்ற வந்தவர், காப்பாற்றப் போனவன்

ஓடுகிறேன். இடுப்பில் மகள் ஜெசிந்தா. கையில் ஒரு தூக்குச்சட்டி. அதை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. சந்து முழுக்கப் புகை. உடைந்த ஓடு காலில் குத்துகிறது. பின்னால் என் வீட்டுக்காரர் அருளப்பன் கத்துகிறார்.

"குனி. குனிஞ்சே போ. நிக்காத."

தலைக்கு மேல் ஹெலிகாப்டர். டப டப டப டப. அந்தச் சத்தம் முதலில் வயிற்றில் விழும். அப்புறம்தான் காதில். தூரத்தில் பீரங்கி. யாரோ கோபத்தில் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி. ஒன்று. ஒரு மூச்சு. மறுபடி ஒன்று.

ஊர் சைகோன், தெற்கு வியட்நாமின் தலைநகர். 1968, பிப்ரவரி. அந்த ஊர்ப் புதுவருடம் அப்போதுதான் பிறந்திருக்கிறது. வாசல்களில் கட்டிய சிவப்புக் காகிதம் எரிகிறது.

என் பெயர் பிலோமினா. தாம்பரம் பக்கம் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியது. கல்யாணம் ஆனதும் சைகோனுக்குப் போனேன். அங்கே ஒரு தமிழர் துணிக்கடையில் என் வீட்டுக்காரருக்கு வேலை.

அந்த நாட்டில் அண்ணன் தம்பிச் சண்டை. வடக்கு ஒரு பக்கம். தெற்கு ஒரு பக்கம். தெற்கைக் காப்பாற்ற அமெரிக்கர் வந்திறங்கியிருந்தார்கள். வடக்குக்குத் துப்பாக்கி தர வேறு பெரிய நாடுகள். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடிகள் பீரங்கியோடு வந்தவர்கள்.

சந்துக் கோடியில் பா ஹாய் வீடு. சூப் விற்கிறவள். ஜெசிந்தாவுக்குத் தினம் ஒரு கிண்ணம் சும்மா ஊற்றுவாள். அவள் வீடு கல் கட்டடம். மொட்டை மாடி. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினோம். அமெரிக்க ஹெலிகாப்டர் போகவில்லை. பக்கத்துத் தெருவில் வடக்குப் பக்கத்துக் கொரில்லாக்கள் புகுந்திருந்தார்கள். அவர்களைத் தேடிச் சுற்றிச் சுற்றி வருகிறது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. நாம் இந்தியர். இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை. மேலே இருப்பவனுக்கு அது தெரிந்தால் விட்டுவிடுவான். சைகோன் தமிழர் எல்லோருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. நாம் வெளியாள், நம்மை யார் தொடப்போகிறார்கள் என்று. கட்டியிருந்த எட்டு முழ வேட்டியை அவிழ்த்தார். அரைக்கால் சட்டையோடு நின்றார். பா ஹாய் துணிக்குப் போட வைத்திருந்த நீலத்தைக் கிண்ணத்தில் கரைத்தார். விரலால் தோய்த்து, வேட்டி நிறையப் பெரிதாக எழுதினார். இந்தியர். தமிழில். அவர் பிரெஞ்சு பேசுவார். வியட்நாம் பாஷை பேசுவார். எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும்.

"தமிழ்ல எழுதினா அவனுக்கு இன்னா புரியும்?" என்றேன்.

"எழுத்து புரியாட்டி போவுது. வேற தேசத்து ஆளுன்னு புரியுமில்ல. வெள்ளத் துணி வேற. போதாதா?"

ஒரு முனையைப் பிடிக்க பா ஹாயும் மாடியேறினாள். நான் படியடியில் நிற்கிறேன். மேலே காலடிச் சத்தம். வேட்டி காற்றில் படபடக்கிற சத்தம். அவர்கள் அதை விரித்து ஆட்டினார்கள்.

ஷ்ஷ்ஷ். ஹெலிகாப்டரிலிருந்து ஏதோ சீறி வந்தது.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஜெசிந்தா வாயைத் திறந்து அழுகிறாள். அழுகை கேட்கவில்லை. சுண்ணாம்பு மழையாகக் கொட்டுகிறது. மாடியில் நின்ற இருவரும் உயிரோடு இல்லை. வெகுநேரம் கழித்து எனக்குக் காது திறந்தது. அவளுக்கு வலக்காது திறந்தது. இடக்காது திறக்கவேயில்லை.

மறுநாள் ஓர் அமெரிக்க அதிகாரி வந்தான். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளன். மாடியில் நின்று யாரோ எதிரிக்குத் துணி காட்டிச் சைகை செய்வதாக நினைத்தார்களாம். தவறு நடந்துவிட்டதாம். உங்களைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்றானாம். மொழிபெயர்ப்பாளன் பேசிய வியட்நாம் பாஷை எனக்கு அரைகுறை. காப்பாற்ற என்கிற வார்த்தை மட்டும் நன்றாகப் புரிந்தது. ஒரு டின் பழம் கொடுத்தான். சர்க்கரைப் பாகில் ஊறிய பழம். குழந்தைக்குப் பசி. தின்றாள். பாகு முகவாயில் வழிந்தது. அவள் அப்பாவைக் கொன்றவன் கொடுத்த பாகு. துடைத்துவிட்டேன்.

இந்தக் கதையைப் பிற்பாடு பெருங்களத்தூர் மீன்காரம்மாவிடம் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்: "ஆடு நனையுதேன்னு ஓநாய் அய்த கததான் இது."

அந்த வருடமே ஊர் திரும்பினேன். அப்பா அம்மா இல்லை. தம்பி சேவியர் இருந்தான். பட்டாளத்துக்காரன். பீர்க்கன்கரணையில் இருந்த ஓட்டு வீட்டின் சாவியை என் கையில் கொடுத்தான். "இன்னிமே இது உன் வூடு. நான்தான் விருந்தாளி" என்றான். லீவில் வரும்போதெல்லாம் ஜெசிந்தாவின் வலப்பக்கமாகப் பார்த்து உட்காருவான். அவளுக்குக் கேட்கட்டும் என்று. அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

1971 வந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் அந்த நாட்டுப் படையே அந்த ஜனத்தைச் சுட்டது. அகதிகள் எல்லை தாண்டி வந்தபடி இருந்தார்கள். நம் படை உள்ளே போகணும் என்று டீக்கடையில் பேச்சு. ரயிலில் பேச்சு. கோயில் வாசலில் பேச்சு. ஐப்பசி மழையில் சேவியர் லீவில் வந்தான். அவன் படைப்பிரிவு வங்காள எல்லையில் இருந்தது. கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருப்பது இவன் ஒருத்தன். இவனையும் விட்டுவிடக் கூடாது.

"லீவ நீட்டுடா," என்றேன். "மஞ்சக் காமாலன்னு டாக்டர் எய்தித் தருவாரு. நான் பேசிட்டேன்."

"எனக்கு இன்னா காமால? கண்ணு வெள்ளையாத்தான கீது."

"அடுத்தவன் வூட்டுச் சண்டைடா அது. வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்காத."

"ஓணான் எப்பவோ உள்ள பூந்துடுச்சிக்கா. கோடிப் பேரு வந்து சோறு கேக்குறான்." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நீ அந்தக் கேம்ப பாக்கல. மழைல சிமெண்டு குழாய்க்குள்ள குடித்தனம் பண்றாங்க. ஒரு பொம்பள. செத்த புள்ளைய கீழ வெக்கவே மாட்டேன்னுது. பக்கத்து வூட்ல ஒருத்தன் பொண்டாட்டி புள்ளைய வெட்றான். நீ கதவ சாத்திகினு குந்தினு இருப்பியா?"

"மாமாவ சுட்டவனும் இதையேதான்டா சொன்னான்."

"அவன் உள்ள வந்து குந்திக்கினான். நாங்க வேலை முடிஞ்சா வந்துடுவோம்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. நான் பார்த்ததிலும் பொய் இல்லை. இரண்டு உண்மை ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டன. தந்தி வந்தது. தாம்பரத்தில் ரயில் ஏறினான். டாக்டர் எழுதித் தரவேயில்லை. இவன் கேட்டால்தானே தருவார்.

டிசம்பர். சண்டை மூண்டது. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறதல்லவா, குண்டு விழும் என்று பயம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். லாரி விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு மை. ஒத்திகைச் சங்கு ஊதும். அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே ஏறும். முதல் தடவை ஊதியபோது மார்க்கெட்டில் இருந்தேன். ஜெசிந்தாவைக் கீழே தள்ளி மேலே படுத்தேன். கத்தரிக்காய்க் கூடை சாய்ந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா, எந்திரி. சும்மா ஒத்திகை."

"சண்டைய நேர்ல பாத்தவங்களாம்பா. ஏங்க்கா, ஹெலிகாப்டரு பக்கத்துல பாத்தா ஜோரா இருக்குமா?"

ஜோர். அந்த வார்த்தையைத்தான் சொன்னான். நல்ல பையன் போலத்தான் இருந்தான். நெற்றியில் விபூதி.

டீக்கடை ரேடியோவில் ஊர் ஊராக விழுந்த செய்தி.

"இன்னா மச்சான், இன்னிக்கு எது வுய்ந்துச்சு?"

"ஜெசோர்னு ஒண்ணு. நாளைக்கு இன்னொண்ணு வுய்ந்துடும் பாரு."

கிரிக்கெட் விக்கெட் மாதிரி. ஓர் ஊர் விழுகிறது என்றால் அங்கே என்னவெல்லாம் விழும் என்று எனக்குத் தெரியும். கூரை விழும். சுவர் விழும். மாடியில் நின்றவர் படியில் வந்து விழுவார். டீயை வைத்துவிட்டு நடந்தேன்.

டிசம்பர் பதினாறு. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைத் தெருவில் கொளுத்தினார்கள். லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். பாதியை ஜெசிந்தாவுக்குக் கொடுத்தேன். சண்டை முடிந்தது, தம்பி வருவான் என்று தின்றேன். அப்போது சேவியர் செத்து மண்ணுக்குள் இருந்தான். தந்தி அதற்கப்புறம்தான் வந்தது.

கூட இருந்த சிப்பாய் ஒருவன் செங்கல்பட்டுக்காரன். லீவில் வந்தபோது வீடு தேடி வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். ஓர் ஆற்றங்கரை. அந்த ஊர் ஜனம் படகு கொண்டுவந்து இவர்களை அக்கரைக்குத் தள்ளியது. இறங்கிய இடத்தில் சுட்டார்கள். "படு" என்று சேவியர் கத்தினானாம். மற்றவர்கள் படுத்தார்கள். படகோட்டி ஒரு கிழவர், அவருக்குத் தமிழ் புரியவில்லை. நின்றுகொண்டிருந்தார். அவரை இழுக்க இவன் எழுந்தான். கிழவர் பிழைத்தார். அந்த ஊர் முஸ்லிம் ஜனம்தான் குழி வெட்டியது. கிறிஸ்தவப் பிள்ளை என்று இந்தச் சிப்பாய் சொன்னதும், மூங்கிலைப் பிளந்து சிலுவை கட்டி நட்டார்களாம்.

இதைக் கேட்டபோது எனக்குப் பெருமை வரவில்லை. ஆனால் அந்தக் கிழவர்மேல் கோபமும் வரவில்லை. அவர் இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும்.

ஜனவரியில் பெருங்களத்தூரில் வெற்றிக் கூட்டம். ஏற்பாடு செய்தவர் எங்கள் தெரு சாமிநாதன் சார். பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனுஷன். ஜெசிந்தாவை வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார வைத்தவரே அவர்தான். வீட்டுக்கு வந்தார்.

"நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்மா. ரெண்டு யுத்தம் பார்த்தவங்க. அங்க அந்நியப் படை போய் அக்கிரமம் பண்ணுச்சு. இங்க நம்ம படை போய் தர்மம் பண்ணுச்சு. அந்த வித்தியாசத்தைச் சொன்னா போதும்."

"ரெண்டுலயும் என் வூட்லதான் சார் ஆளு போச்சு."

"அது தியாகம்மா."

"யாரு பண்ண தியாகம் சார்? உங்க வூட்லயா?"

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். "அதையும் வந்து சொல்லுங்க," என்றார். அதற்காகப் போனேன்.

மேடை. மைக். சீரியல் பல்பு. முன்னால் தெரிந்த முகங்கள். பேசினேன்.

"என் தம்பி போனது சரியான்னு கேக்குறாங்க. அந்த ஊரு ஜனம் சரின்னுது. என்னால இல்லன்னு சொல்ல முடியல. என் வூட்டுக்காரர சுட்டவனும் சரின்னு சொல்லிக்கினுதான் வந்தான். அவனையும் ஒரு கூட்டம் கை தட்டி அனுப்பிச்சிருக்கும். அடுத்தவன் வூட்டுக்குள்ள போறவன் ரெண்டு பதில் வெச்சிருக்கணும். எப்ப வருவேன்? போனா யாரு சாவாங்க? அனுப்புறவன் புள்ள அதுல இல்லன்னா, அவன் தர்மத்தப் பத்திப் பேச வேணாம். தலவலியும் காச்சலும் தனக்கு வந்தாதான் தெரியும். என் தம்பி செத்துட்டான். தயவுபண்ணி இதுக்குக் கை தட்டாதீங்க."

தட்டினார்கள்.

முதலில் ஒரு மூலையில். அப்புறம் மைதானம் முழுக்க. யாரோ விசில் அடித்தார்கள். ஒருவர் என் தம்பி பெயரைச் சொல்லி வாழ்க என்றார். மேடை என்றால் தட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கவில்லை. ஒருவர் மாலையோடு வந்தார். நான் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

மறைக்காமல் சொல்கிறேன். தம்பி கொடுத்த வாக்கை அவன் படை காப்பாற்றியது. சில மாதத்தில் திரும்பிவிட்டது. அந்த ஜனத்துக்கு ஒரு நாடு கிடைத்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சாட்சி இல்லை. சைகோனுக்கு வந்தவர்கள் வருடக்கணக்கில் சுட்டார்கள். 1975இல் மிஞ்சியவர்கள் மாடியில் ஹெலிகாப்டரை இறக்கி ஏறிப் போனார்கள். காப்பாற்ற வந்த ஜனம் கீழே படியில் கைநீட்டி நின்றது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் கை தட்டியவர்கள் ஒரே ஜாதி. அவர்களுக்கு எண்ணத் தெரியாது. அதனால் நான் எண்ணுகிறேன்.

சைகோனில்: அருளப்பன், முப்பத்தாறு வயது. பா ஹாய், வயது தெரியாது, சொந்தக்காரர் யார் என்றும் தெரியாது. ஜெசிந்தாவின் இடக்காது. ஒரு வீடு. பேசிப் பழகிய ஒரு பாஷை, இப்போது பேச ஆளில்லாமல் மறந்துகொண்டிருக்கிறது.

கிழக்கு வங்காளத்தில்: சேவியர், இருபத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை.

சேவியர் துப்பாக்கியால் செத்தவர்கள்: எத்தனை பேர் என்று சொல்ல அவன் இல்லை. ஒருவராவது இருப்பார். அவருக்கும் எங்கோ ஓர் அக்கா இருப்பாள். அந்த ஒருவரையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.