கடைசிக் குளத்துக்குப் போட்ட தீனி

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவர் கெரெசோவ் அவர்களே! ரக்கியாச் சாராயக் கிண்ணத்தோடு, நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்திருக்கும் பெரியவர்களே! விடியலிலிருந்து கெண்டையின் வயிற்றில் அரிசியும் அக்ரூட்டும் அடைத்த தாய்மார்களே! தட்டில் மினுமினுக்கும் மீன்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

மீன் இல்லாமல் நிக்கோலா திருநாள் உண்டா? போன திருநாளில் இந்த மேசையில் என்ன இருந்தது? மத்தி டப்பா இருந்தது! ஏன்? நம் குளத்துக் கெண்டைகளின் செவுளில் பூஞ்சை, வாலில் பூஞ்சை, கண்மேலும் பஞ்சுபஞ்சாய்ப் பூஞ்சை! "இனியும் மீன் செத்தால் குளங்களைத் தூர்த்துவிடுவோம்" என்று இதே மண்டபத்தில் தீர்மானம் போட்டீர்களே, மறந்துவிட்டீர்களா? குளங்களைப் பார்த்துக்கொள்ளும் என் வீட்டுக்காரர் ஸ்டோய்மென் மறக்கவில்லை. அன்று சூப்பைக்கூட அவர் தொடவில்லை.

அப்போதுதான் மீன் மருத்துவர் தோத்கா, கருங்கடல் பாசியைக் காய்ச்சி எடுத்த சாற்றோடு வந்தார். "சீக்கு வந்துட்டா மீன் தீனியே எடுக்காதுண்ணே. நல்லா இருக்கும்போதே கலந்து குடுங்க. எதிர்ப்புச் சக்தி வரும்" என்றார்.

"நல்லா இருக்கிற மீனுக்கு மருந்தா? அடுத்து அதுக்கு ஸ்வெட்டர் பின்னிப் போடுவியா?" என்று கேட்டது யார்? அதோ பின்வரிசையில் சிரிக்கிறாரே, அவரேதான்!

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். "கடைசிக் குளத்துக்கு மட்டும் வெறும் தீனி போடுங்க. அப்பதான் சாறு வேலை செஞ்சுதான்னு தெரியும்." என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், கடைசிக் குளத்தங்கரையில் சாறு கலந்த வாளியோடு நிற்கிறார்!

"என்னங்க இது? இதுக்குப் போடக் கூடாதுன்னாங்கல்ல?"

"என்னைப் பாத்து வாயத் தொறக்குதுங்கடி. நான் என்ன பண்ண?"

குளிர் வந்தது. ஒன்றிரண்டு மீனில் பூஞ்சையும் வந்தது, மறைக்க மாட்டேன். மற்ற மீன்கள்? துள்ளின! முதல் குளத்திலும் துள்ளின, கடைசிக் குளத்திலும் துள்ளின! மருத்துவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாறுதான் மீனைக் காப்பாற்றியது என்பதற்குச் சான்று எங்கே என்கிறார் தலைவர் அவர்கள். சான்று இல்லை ஐயா! என் வீட்டுக்காரரின் இளகிய மனசு சான்றைக் கெடுத்துவிட்டது. ஆனால் மீன் இருக்கிறது! தட்டில் இருக்கிறது, குளத்தில் இருக்கிறது! உயிர் துள்ளும் குளத்தைத் தூர்க்கலாமா? சொல்லுங்கள், தூர்க்கலாமா? ... ஆங், அந்தச் சத்தம் தலைவர் காதில் விழட்டும்!

சான்றுதான் வேண்டுமென்றால் அடுத்த குளிர்வரை குளங்களை விட்டுவையுங்கள். மறுபடி செய்து பார்ப்போம். ஆனால் சாறு வைக்கும் அறையின் சாவியை இந்த மனுஷனிடம் கொடுத்துவிடாதீர்கள். என்னிடமும் வேண்டாம். அந்த மீன்கள் இப்போது என்னைப் பார்த்தும் வாயைத் திறக்கின்றன.

பொறுமையோடு கேட்டீர்கள், மீன் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். நன்றி, வணக்கம்!