நாற்பத்தோராவது மனு

தலைமையேற்றிருக்கும் தெருநலச் சங்கத் தலைவர் சடையப்பன் அவர்களே, அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுகாதார அதிகாரி அவர்களே, பெரியோர்களே, பின்வரிசையில் அமர்ந்தாலும் முன்வந்து கேள்வி கேட்கும் தாய்மார்களே, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வீடு வீடாக வந்து நிற்கும் நலப் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் கடிகாரம் பழுதுபார்ப்பவன். ஐந்து நிமிடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். யாரும் சீட்டு நீட்ட வேண்டாம்.

சிதம்பரத்தில் கடை வைத்திருந்து, கடலூருக்குக் குடிவந்து இருபது ஆண்டு ஆகிறது. பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, படிப்பு முடியவில்லை. சட்டம் நானே படித்தேன். மனு எழுத நானே கற்றேன். தெருவிளக்குக்கு மனு, தேங்கிய சாக்கடைக்கு மனு, சாய்ந்த கம்பத்துக்கு மனு. நாற்பது மனு. ஒன்றுக்காவது பதில் வந்ததா? வந்ததா? இல்லை என்று அதோ என் மனைவி கொளஞ்சி தலையாட்டுகிறாள்.

நாற்பத்தோராவது மனுவுக்கு ஆறே நாளில் பதில் வந்தது. அந்த வெட்கக்கேட்டைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவுக்கு டெங்கு தடுப்புப் பணிக்கு வருகிறவர் இலக்கியா. கையில் டார்ச், தோளில் பை, காலில் தேய்ந்த செருப்பு. ஆட்டுக்கல்லைப் பார்ப்பார், அண்டாவைப் பார்ப்பார், அடுக்கிவைத்த டயரைப் பார்ப்பார். சுவரில் ஒட்டிய அட்டையில் வாராவாரம் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அன்று என் வீட்டுப் பின்கட்டில் மழைநீர் பிடித்து வைத்த டிரம்மைப் பார்த்தார்.

"மாமா, இதக் கவுத்துடணும். புழு நெளியுது."

"நெளியட்டும். மருந்து கலந்த தண்ணியில புழு இருக்குமா? சுத்தமான தண்ணிக்கு இதான் அத்தாட்சி."

சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை வீட்டில் இதே சட்டம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"அத்தாட்சி நாலஞ்சு நாள்ல பறக்கும் மாமா," என்று டிரம்மைச் சாய்த்துவிட்டார். சாய்க்கும் முன் ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பாட்டில் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, ஜன்னலில் வைத்தார். "நான் சொல்றத நம்ப வேணாம். தெனம் பாருங்க."

பார்த்தேனா? மனு எழுதினேன். அத்துமீறி நுழைந்தார், குடிநீரை அழித்தார் என்று மூன்று பக்கம்.

ஐந்தாம் நாள் காலை கொளஞ்சி கூப்பிட்டாள். "இந்தாங்க, ஒங்க சுத்தமான தண்ணிக்கு ரெக்க மொளச்சிருக்கு. வந்து பாருங்க."

கடிகார லென்சைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். பதினேழு கொசு. காலுக்குக் கால் வெள்ளை வளையம், டெங்கு கொசுவேதான். பற்சக்கரத்தின் பல்லை எண்ணிய என் கண்ணுக்குப் பின்கட்டில் நெளிந்த நோய் தெரியவில்லையே. அடுத்த வீட்டுத் தூளியில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது. அதைக் காத்தது யார்? நாற்பது மனு எழுதிய நானா? தேய்ந்த செருப்புப் போட்ட இலக்கியாவா?

மறுநாள் பதில் வந்தது. விசாரணை முடியும்வரை இலக்கியா பணிக்கு வரக்கூடாதாம். விளக்குக்கு அசையாத நாற்காலி, சாக்கடைக்கு அசையாத நாற்காலி, ஓர் உழைப்பாளியின் வேலையை நிறுத்த ஓடோடி வந்தது.

இதோ மேசையில், இன்று பாராட்டப்படும் பணியாளர்களுக்கு ஒன்பது பொன்னாடை. பணியாளர்களோ பத்துப் பேர். பத்தாமவர் அதோ, கடைசி நாற்காலியில்.

எழுதிய மனுவை நான் திரும்பப் பெற்றதே இல்லை. இன்று பெறுகிறேன். இது நாற்பத்திரண்டாவது மனு, இரண்டே வரி: "தவறு என்னுடையது. இலக்கியா தன் கடமையைச் செய்தார்." பிடியுங்கள், அதிகாரி ஐயா.

தலையாட்டினால் போதாது ஐயா, மைக்கில் சொல்லுங்கள். நாளைக்கே வேலைக்கு வரலாமா?

வரலாம் என்கிறார். கேட்டீர்களா தாய்மார்களே? அவர் மாற்றிச் சொல்ல முடியாதபடி கை தட்டுங்கள்.

கொளஞ்சி, எனக்குப் போட்ட பொன்னாடையை அந்தப் பெண்ணுக்குப் போடு. அம்மா இலக்கியா, நாளைக்கு முதல் வீடு என் வீடு. மாடிப்படிக்கு அடியில் இன்னொரு டிரம்மைச் சாக்குப் போட்டு மறைத்து வைத்திருந்தேன். முறைக்காதே கொளஞ்சி, லென்சை இறக்கியதுமே நானே அதைக் கவிழ்த்துவிட்டேன். சொட்டு மிச்சமில்லையா என்று டார்ச் அடித்துப் பார்க்க வாம்மா. சுவர் அட்டையில் இரண்டு வாரம் காலியாகக் கிடக்கிறது. கையெழுத்துப் போடு.

ஐந்து நிமிடம் ஒன்பதாகிவிட்டது. பழுதுபார்க்க நேரம் பிடிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.