காலேஜ் லீவுன்னா வண்டி நிக்காது

கல்லூரிக்கு எதிரே இருக்கும் எங்கள் ரயில் நிலையத்தில் அன்று மாணவர் கூட்டமே இல்லை. டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், தள்ளாடும் கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னைக்கு காலேஜ் லீவும்மா. செங்கல்பட்டு வண்டி இங்க நிக்காது,” என்றார் கவுன்டரில் இருந்தவர்.

“காலேஜ் லீவுன்னா இவரு கிட்னிக்கும் லீவா? பத்து மணிக்கு டயாலிசிஸ்பா! ஸ்டேஷன் பின்னாடி தெருவுல இருக்கறவங்க எல்லாம் மனுசங்க இல்லியா?”

“மேலேர்ந்து ஆர்டர்மா. நான் என்னா பண்றது?”

“புகார் புக்கை எடு.”

அவர் எடுத்து நீட்டினார்.

“கண்ணாடி எடுத்துக்கினு வரல. நீயே எழுது.”

“என்னான்னு எழுதறது?”

“நான் இப்ப கத்துனது அத்தனையும் எழுது.”

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே வண்டி நிற்காமல் கடந்து போனது.

“வா, பஸ்ல போயிடலாம்,” என்றார் கணவர்.

“சும்மா இருய்யா.”

கவுன்டர்காரர் எழுதியதைப் படித்துக் காட்டினார். “விடுமுறை நாட்களில் ரயில் நிற்காததால் பயணிகளுக்குச் சிரமம் ஏற்படுகிறது.”

“இதுவா நான் கத்துனது? அடிச்சிட்டு வேற எழுது. கிட்னின்னு எழுது. இவரு பேரைப் போட்டு எழுது.”